நுனிவிரலில் நிற்கும் வலி

பாலே கலைஞர்களை முடக்குவது பெரும்பாலும் மேடை விபத்து அல்ல. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் தேய்மானம்தான். அதைவிட ஆபத்தானது, வலியை வெளியே சொல்லாமல் இருப்பது.

2012 ஜூன். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா ஹவுஸ் மேடையில் சிவப்பு உடையில் மிஸ்டி கோப்லாண்ட். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையில் அமைந்த ‘ஃபயர்பேர்ட்’ பாலேயில் நெருப்புப் பறவை வேடம். அமெரிக்கன் பாலே தியேட்டரில் கறுப்பினப் பெண் ஒருவருக்கு இந்த வேடம் கிடைப்பது அப்போதுதான் முதல்முறை. பறவை தாவியது, சுழன்றது, நுனிவிரலில் நின்றது. பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அந்தப் பறவையின் இடது கீழ்க்கால் எலும்பில் ஆறு விரிசல்கள் இருந்தன. அவற்றில் மூன்று, எலும்பை ஏறக்குறைய குறுக்கே பிளந்துவிட்டிருந்தன.

கோப்லாண்டுக்கு வலி புதிதல்ல. ஒத்திகைக் காலம் முழுவதும் அதோடுதான் இருந்தார். சொன்னால் வேடம் கைநழுவும், இத்தனை வருடக் காத்திருப்பு வீணாகும் என்பதும் தெரியும். ஆடி முடித்தார். அதன்பின் மீதி ஆட்டங்களிலிருந்து விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் எலும்பில் தகடு பொருத்தி ஆபரேஷன் நடந்தது. அப்போது வயது முப்பது. பாலேயில் அது இளமை அல்ல. இனி ஆட முடியுமா என்று கேட்டவர்களே அதிகம். அவரோ 2013ல் மேடைக்குத் திரும்பி, 2015ல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் 75 வருட வரலாற்றில் முதன்மைக் கலைஞராக உயர்ந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2025 அக்டோபரில்தான் அந்தக் குழுவிலிருந்து விடைபெற்றார். சுபமாக முடிந்ததால் இந்தக் கதை வெளியே வந்தது. பாதியில் நின்றுபோன கதைகளை யாரும் புத்தகமாகப் போடுவதில்லை.

பாலேயில் அடிபடுவது என்றால் கால் இடறிக் கீழே விழுவது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. தொழில்முறைக் கலைஞர்கள் 52 பேரை ஒரு வருடம் முழுவதும் கவனித்து பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2012ல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் பதிவான காயங்கள் 355. அதாவது தலைக்குக் கிட்டத்தட்ட ஏழு. இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வந்தவை. விழுந்ததால் வந்தவை அல்ல. அமெரிக்காவில் டிசம்பர் வந்தால் ‘நட்கிராக்கர்’ சீஸன். நியூயார்க் சிட்டி பாலே அந்தச் சில வாரங்களில் ஐம்பது ஆட்டங்களை நெருங்கிவிடும். காலையில் பயிற்சி, பகலில் ஒத்திகை, மாலையில் ஆட்டம். எலும்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ள அவகாசம் கேட்கிறது. கால அட்டவணை அதைத் தருவதில்லை.

இடுப்பில் ஆரம்பிக்கும் சிக்கல்

பாலேயின் அடிப்படையே கால்களை வெளிப்பக்கமாகத் திருப்பி நிற்பதுதான். டர்ன்-அவுட் என்பார்கள். இரண்டு பாதங்களும் எதிரெதிர் திசையைப் பார்க்க, ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். அதாவது ஒவ்வொரு காலும் 90 டிகிரி திரும்ப வேண்டும். ஆனால் இடுப்பு மூட்டு அவ்வளவு தருவதில்லை. மிக வளைந்து கொடுக்கும் உடம்புக்கே 60, 70 டிகிரிதான் வரும். மிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

தரையிலிருந்து. முழங்காலைச் சற்று மடித்து, பாதங்களை வேண்டிய கோணத்தில் தரையில் ஊன்றிக்கொண்டு, பிறகு முழங்காலை நிமிர்த்துவது மாணவர்களின் பழைய தந்திரம். கண்ணாடியில் பார்த்தால் கச்சிதம். உள்ளே முழங்கால் மூட்டு துணி பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. முழங்கால் சில்லு தன் பள்ளத்தை விட்டு ஓரமாக இழுபடுகிறது. பாதத்தின் உட்பக்க வளைவு தரையில் சரிகிறது. கீழ்முதுகு முன்னால் வளைகிறது. முழங்கால் வலி என்று வருபவரின் இடுப்பை முதலில் பரிசோதிக்கும் டாக்டர், பாலே தெரிந்த டாக்டர்.

இடுப்பு எலும்பின் திருப்பம் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் உறுதியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு தசையையும் தசைநார்களையும் பழக்கலாம், எலும்பை மாற்ற முடியாது. ஐரோப்பாவில் சின்ன வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க இதுவும் ஒரு காரணம். மும்பையில் யெஹூதா மாவோர் என்ற ஆசிரியரிடம் பயின்ற அமீருதீன் ஷாவும் மனீஷ் சௌஹானும் இந்த வயதைத் தாண்டி வந்தவர்கள். வெல்டர் ஒருவரின் மகனான அமீருதீன் 2017ல் லண்டனின் ராயல் பாலே பள்ளிக்குப் போனார். இருவரின் கதையும் 2020ல் ‘யே பாலே’ என்ற படமாக வந்தது. தாமதமாக வருவதால் கதவு மூடிவிடாது என்பதற்கு இவர்கள் சாட்சி. ஆனால் தாமதமாக வருபவர் மற்றவரின் கோணத்தைப் பார்த்துத் தன் பாதத்தைத் தரையில் திருகினால், விலை கொடுப்பது முழங்கால்தான்.

அரைமண்டியில் நின்று பழகிய பரதநாட்டிய மாணவிக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. அங்கும் இதே இடுப்பு, இதே முழங்கால். கூடவே வெறுங்காலால் கெட்டித் தரையைத் தட்ட வேண்டியும் இருக்கிறது.

இடுப்பும் நெடுங்காலம் தாங்குவதில்லை. ஜார்ஜ் பாலன்ஷைனின் ஆஸ்தான நாயகி சூசன் ஃபாரெல் 1987ல் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு, மீண்டும் மேடை ஏறி, 1989ல்தான் ஓய்வுபெற்றார். அதே நியூயார்க் சிட்டி பாலேயில் முப்பது வருடம் ஆடிய வெண்டி வீலனுக்கு இடுப்புக் குழியின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு கிழிந்து, 2013ல் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன், நடைப்பயிற்சி, அழுகை, மறுவருடம் விடைபெற்ற கடைசி ஆட்டம் என்று எல்லாவற்றையும் ‘ரெஸ்ட்லெஸ் கிரீச்சர்’ என்ற ஆவணப்படத்தில் காட்ட அவர் சம்மதித்தது பெரிய விஷயம். பாலே உலகம் தன் தழும்புகளை அவ்வளவு எளிதில் காட்டிவிடாது.

பசையும் துணியும்

இனி பாதத்துக்கு வருவோம். 1832ல் பாரிஸில் ‘லா சில்ஃபீட்’ பாலேயில் மாரீ டாலியோனி நுனிவிரலில் ஆடியபோது அவர் காலில் இருந்தது ஓரங்களில் தையல் போட்டு இறுக்கிய சாட்டின் செருப்பு மட்டுமே. இன்றைய பாயின்ட் ஷூ அதைவிடக் கெட்டி. ஆனால் பலர் நினைப்பதுபோல உள்ளே மரக்கட்டை எதுவும் இல்லை. துணி, காகிதம், பசை எல்லாம் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். வியர்வையிலும் ஈரக்காற்றிலும் பசை இளகும். முதன்மைக் கலைஞர் ஒருவர் ஒரே மாலையில் ஒரு ஜோடியைக் காலி செய்துவிடுவார். 1993ல் பிளாஸ்டிக் போன்ற நவீனப் பொருளால் செய்த ஷூ சந்தைக்கு வந்தது. நீண்ட நாள் உழைக்கும் என்றாலும், பழைய பசை ஷூவைக் கைவிட மனம் வராதவர்கள் இன்னும் நிறைய. செத்துப்போன ஷூவில் ஆடுவது காயத்துக்கு நேர்வழி. புது ஷூ வாங்கப் பணம் இல்லாத மாணவிகள் அதைத்தான் செய்கிறார்கள்.

அதிகம் அடிபடுவது கணுக்கால். தாவி இறங்கும்போது பாதம் உட்பக்கமாகப் புரண்டு, வெளிப்பக்க லிகமென்ட் கிழிகிறது. சாதாரண சுளுக்குதானே என்று கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் ஆடப் போவார்கள். வீக்கம் வடிந்திருக்கும். ஆனால் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் நரம்புகள் இன்னும் தேறியிருக்காது. அதே கணுக்கால் மறுபடி புரளும். அதே புரளலில் சுண்டுவிரலோடு சேரும் ஐந்தாவது பாத எலும்பு சாய்வாக முறிவதும் உண்டு. டாக்டர்கள் அதற்கு ‘டான்சர்ஸ் ஃபிராக்சர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாவது விரலுக்கான பாத எலும்பின் அடிப்பகுதியில் வரும் மயிரிழை விரிசலும் பாலேக்காரர்களிடம் சகஜம். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர்.

பின்னங்கால் வலி இன்னும் சூட்சுமமானது. கணுக்காலின் பின்புறத்தில் பத்தில் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு குட்டி எலும்பு உண்டு. நம்மைப் போன்றவர்கள் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிடுவோம். நுனிவிரலில் நிற்பவருக்கோ அது ஒவ்வொரு முறையும் குதிகால் எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே, பாக்குவெட்டியில் பாக்கு மாதிரி நசுங்கும். அதை ஒட்டியே கட்டைவிரலை மடக்கும் தசைநாண் ஓடுகிறது. உருளையில் கிணற்றுக் கயிறு ஓடுவதுபோல எலும்பின் பள்ளம் ஒன்றில் வழுக்கி ஓட வேண்டிய நாண் அது. வீங்கினால் சிக்கிக்கொள்ளும். கட்டைவிரல் மடங்கியபடி நின்று, டக்கென்ற சத்தத்தோடு விடுபடும். 1972 முதல் நியூயார்க் சிட்டி பாலேயின் எலும்பு டாக்டராக இருந்த வில்லியம் ஹாமில்டன் இதைப் பாதத்தின் அகில்லீஸ் நாண் என்று வர்ணித்தார். இந்த வலியை வெறும் அகில்லீஸ் வீக்கம் என்று எண்ணி வைத்தியம் செய்யும் தவறு இன்றும் நடக்கிறது.

ஆண்களுக்கு வேறு கணக்கு. நுனிவிரல் வேலை குறைவு. ஆனால் உயரத் தாவி இறங்க வேண்டும், துணைவியைத் தலைக்கு மேல் தூக்கியபடி புன்னகைக்க வேண்டும். முழங்காலும் கீழ்முதுகும் தோளும் அவர்களின் புகார்ப் பட்டியலில் முதலில் வரும்.

தட்டில் குறையும் சோறு

எலும்பு விரிசலுக்கு ஷூவையும் தரையையும் மட்டும் குறை சொன்னால் உண்மையில் பாதிதான் சொன்னதாகும். மீதிப் பாதி சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. மெலிந்த உடம்பே அழகு என்ற பாலே ரசனை பெண்களை நெடுங்காலமாகப் பட்டினி போட்டிருக்கிறது. நட்சத்திரமாக இருந்த கெல்ஸி கர்க்லண்ட் 1986ல் தன் சுயசரிதையில் பட்டினியையும் போதையையும் வெளிப்படையாக எழுதியபோது பலருக்கு அதிர்ச்சி. உள்ளே இருந்தவர்களுக்கு, அது வெளியே வந்ததுதான் அதிர்ச்சி.

உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லையென்றால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பின் அடர்த்தி குறையும். இருபது வயதுப் பெண்ணுக்கு வயதானவரின் எலும்பு. 1990களில் இதைப் பெண் விளையாட்டு வீரர்களின் பிரச்சினையாகவே டாக்டர்கள் பார்த்தார்கள். ஆண்களும் தப்புவதில்லை என்று கண்டு, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல் இதற்கு விரிவான புதுப்பெயரும் விளக்கமும் கொடுத்தது. நாள் முழுவதும் ஸ்டுடியோவுக்குள் அடைபட்டுக் கிடப்பதால் வெயில் படாமல் வைட்டமின் டி குறைவது இன்னொரு பிரச்சினை. மாதவிடாய் நின்றால் ‘நன்றாகப் பயிற்சி செய்கிறாள்’ என்று சொல்கிற ஆசிரியர்கள் சில இடங்களில் இன்னும் இருக்கிறார்கள். மாணவியை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டிய நேரம் அது.

மெல்போர்னில் ஒரு வருடம்

டேவிட் ஹால்பெர்க் 2011ல் மாஸ்கோவின் போல்ஷோய் பாலேயில் முதன்மைக் கலைஞராகச் சேர்ந்த முதல் அமெரிக்கர். நியூயார்க்கிலும் மாஸ்கோவிலுமாக மாறிமாறி ஆடினார். கண்டங்கள் தாண்டிப் பறந்தார். 2014ல் கணுக்கால் அவரை நிறுத்தியது. ஆபரேஷனுக்குப் பிறகும் வலி போகவில்லை. ஆட்டம் முடிந்தது என்றே முடிவு கட்டிவிட்ட அவர், கடைசி முயற்சியாக 2015 இறுதியில் மெல்போர்னுக்குப் போனார்.

ஆஸ்திரேலியன் பாலேயின் மருத்துவக் குழு அதற்கு முன்பே பாலே உலகில் பேர் வாங்கியிருந்தது. அதன் தலைமை ஃபிசியோதெரபிஸ்ட் சூ மேயஸ் குழுவினரின் கொள்கை எளிமையானது: கத்தியை எடுப்பதற்கு முன் தசையைப் பலப்படுத்து. காலங்காலமாகப் பாலேக்காரர்கள் கெண்டைக்காலை இழுத்து இழுத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதை நிறுத்திவிட்டு, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சியைத் தினமும் எல்லாருக்கும் வைத்தார்கள். பார்ப்பதற்கு இதில் ஒரு கவர்ச்சியும் இல்லை. ஆனால் தாவி இறங்கும்போது வரும் அதிர்ச்சியை எலும்புக்குப் போகவிடாமல் வாங்கிக்கொள்வது கெண்டைக்கால்தான். அது இழுபட்டுத் தளர்ந்து கிடப்பதைவிட பலமாக இருப்பது நல்லது என்பது அவர்கள் வாதம்.

உலகமே கொண்டாடிய இளவரசன் மெல்போர்னில் ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்கினார். நிற்பது, குதிகாலை உயர்த்துவது, பாதத்தின் சின்னத் தசைகளை ஒவ்வொன்றாக எழுப்புவது. பல மாதங்கள் நடனமே கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 2016 டிசம்பரில் சிட்னியில் ‘கொப்பேலியா’வில் மேடை ஏறினார். 2021ல் அதே ஆஸ்திரேலியன் பாலேயின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

இப்படி ஒரு குழு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனாலும் நிலைமை மாறியிருக்கிறது. நியூயார்க்கில் நடனக் காயங்களுக்கென்றே ஹார்க்னெஸ் மையம் 1989ல் தொடங்கியது. நடன மருத்துவத்துக்கான சர்வதேச சங்கம் 1990ல் உருவானது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் எத்தனை ஓவர் போட்டார் என்று எண்ணுவதுபோல, ஒரு கலைஞர் வாரத்துக்கு எத்தனை தாவல் தாவினார் என்று எண்ணும் குழுக்கள் வந்துவிட்டன.

நம் ஊர் தரை

இந்திய நகரங்களில் பாலே வகுப்புகள் பெருகிவருகின்றன. பல வகுப்புகள் நடப்பது கல்யாண மண்டபத்திலும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலும். கான்கிரீட்டின் மேல் டைல்ஸ் அல்லது மார்பிள். தாவி இறங்கும் காலுக்கு இதைவிடக் கெட்ட தரை கிடையாது. வெளிநாட்டிலிருந்து தரையை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள், அவற்றுக்கு அடியில் ரப்பர் அல்லது ஃபோம் துண்டுகள், மேலே பிளைவுட், அதற்கும் மேலே வழுக்காத வினைல் விரிப்பு. மிதித்தால் சற்று அமுங்கி எழ வேண்டும். உள்ளூர் தச்சரே செய்துவிடுவார். அதற்கும் வசதி இல்லாத இடத்தில் தாவல்களைக் குறைப்பதுதான் நியாயம். வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் சான்றிதழையும் பரிசுக் கோப்பைகளையும் பார்ப்பதற்கு முன் தரையைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது நல்லது.

வகுப்புக்கு வந்த உடனே காலைத் தூக்கிக் கம்பியில் போட்டு நீட்டுவது பலருக்குப் பழக்கம். முதலில் உடம்பு சூடாக வேண்டும். பத்து நிமிடம் வேக நடை, மெல்லிய குதிப்பு, மூட்டுகளைச் சுழற்றுவது. நெடுநேரம் பிடித்து நீட்டுவதை வகுப்பின் முடிவுக்கு வைத்துக்கொள்ளலாம். களைப்பில்தான் காயம் வருகிறது என்பதால், கடினமான தாவல்களைக் கடைசி அரைமணியில் வைக்கும் ஆசிரியர் யோசிக்க வேண்டும். தூக்கம் குறைந்த பரீட்சை வாரத்தில் விடுமுறை கொடுப்பதில் குடிமுழுகிப் போய்விடாது.

எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது? தசை முழுக்கப் பரவி, இரண்டு நாளில் தணியும் வலி உழைப்பின் வலி. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், எலும்பின் மேல் இருக்கும் வலி வேறு ரகம். ராத்திரி படுத்த பின்னும் அது விண்விண்ணென்று தெறித்தால், எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் நம்பாமல் ஸ்கேன் கேட்க வேண்டும். கோப்லாண்டின் கால் எலும்பு முதலில் இப்படித்தான் ஒரு புள்ளியில் வலிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளைக்குப் பாயின்ட் ஷூ எப்போது? பக்கத்து வீட்டுப் பெண் போட்டுவிட்டாளே. சில வருடங்களாவது முறையான பயிற்சி, பன்னிரண்டை ஒட்டிய வயது என்பது பொதுவான அளவு. ஆனால் வயதைவிட உடம்பின் பலம் முக்கியம் என்கிறார்கள் நடன மருத்துவர்கள். அதற்குச் சில சோதனைகள் உண்டு. ஒற்றைக் காலில் நின்று, உடம்பை விமானம்போல முன்னால் சாய்த்து, முழங்காலை மடக்கி நிமிர வேண்டும். முழங்கால் உள்ளே சாயக் கூடாது. அதே ஒற்றைக் காலில் பதினாறு தடவை குதித்து, ஒவ்வொரு முறையும் பாதம் நீண்டு நேராக இறங்க வேண்டும். ஒரு சுழற்சியைத் தள்ளாடாமல் முடித்து நிற்க வேண்டும். முடியவில்லையா? ஆறு மாதம் பயிற்சி செய்துவிட்டு மறுபடி வரட்டும். கடையில் அந்த ஷூ அப்போதும் இருக்கும்.